அஞ்சி வந்த விருந்தாளி

நாய் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது காவல் என்னும் எண்ணமே. படலையடியில் நின்று குரைக்கவேண்டும். அயலானைக் கண்டால் உறுமவேண்டும். இரவிலே கள்வனை விரட்டவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஆலடியிலும் அரசடியிலும் கோயில்கொண்டிருக்கும் வைரவப் பெருமானுக்கும் நாயே வாகனமாயிற்று. காவற் கடவுளுக்குக் காவல் விலங்கு பொருத்தமானதே. ஆயின், குரைக்க அறியாததும், மனிதரைக் கண்டால் சுவரோடு ஒட்டி நடுங்குவதுமான ஒரு நாய்க்குட்டியால் ஒரு வீட்டுக்கு என்ன பயன்? இக்கேள்வியை எங்கள் உறவினர் பலர் கேட்டனர். எங்கள் இல்லத்து அனுபவத்தையே அதற்கு விடையாகக் கூறலாம் என எண்ணுகிறேன்.

கைவிடப்பட்ட நாய்களைப் பேணும் காப்பகம் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் அக்குட்டியைக் கொண்டுவந்தோம். நான்கு மாதம் நிரம்பிய பெட்டைக்குட்டி; செம்மண் நிறம். வீதியோரத்து மதகு ஒன்றின் கீழே பிறந்து, தாயை இழந்தபின் காப்பகத்தை அடைந்ததென்று அங்குள்ளோர் கூறினர். பெட்டைக்குட்டி வளர்ந்து ஈன்றுவிடும் என்று அஞ்சி, அதனைச் சாக்கிலே போட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவருவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். தெருநாய்களைக் கொல்லும் முறையைக் கைவிடுவதென 2006ஆம் ஆண்டில் அரசு கொள்கை வகுத்தபின்னர், கருத்தடையும் தடுப்பூசியுமே உரிய வழிகளாயின. ஆயினும் சாக்கு வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

நாங்கள் சென்றபோது ஏனைய குட்டிகள் கம்பிவலையருகே ஓடிவந்து வாலையாட்டின. இது மட்டும் மூலையிலே சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. எட்டாந் தரத்தில் படிக்கும் என் மகள் இதனையே சுட்டிக்காட்டினாள். “மற்றதுகளை ஆரும் கொண்டுபோவினம் அப்பா, இதை ஆர் கேட்பினம்?” என்றாள். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை.

வீட்டில் என் தாயார் குட்டியை ஒருமுறை பார்த்தார். “வளர்க்கிறதெண்டால் வளருங்கோ. என்னட்டை மட்டும் விடாதை, தம்பி” என்றார். அவர் சொல்லுக்குக் காரணம் ஆசாரமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டில் வீமன் என்றொரு நாய் இருந்தது. அச்சனநெருக்கத்தில் அதனை அழைத்துச்செல்ல வழியில்லை. தந்தையார் அதன் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். தாயார் பானையில் இருந்த சோறு முழுவதையும் அதன் சட்டியில் இட்டார். மறு ஆண்டு நாங்கள் திரும்பிவந்தபோது சட்டி இருந்தது, வீமன் இல்லை. அன்று தொட்டு அவர் எந்த நாயையும் பெயர்சொல்லி அழைத்ததில்லை.

குட்டி விறாந்தையில் கிடந்த பழைய வாங்கின் கீழே புகுந்துகொண்டது. மூன்று நாள்வரை எம் கண்முன்னே அது உணவைத் தொடவில்லை. இரவிலே எல்லோரும் உறங்கியபின் உண்டது. மகள் அதற்குச் சின்னி என்று பெயரிட்டு நாள்முழுதும் அழைத்துப்பார்த்தாள். அழைக்குந்தோறும் அது இன்னும் உள்ளே ஒடுங்கியது.

நாய்க்குட்டியின் மனம் மனிதரோடு எளிதிலே பழகுவதற்கு இயற்கை ஒரு பருவத்தை வகுத்திருக்கிறது. பிறந்த மூன்றாம் வாரமளவிலே தொடங்கும் அப்பருவம் 12ஆம் அல்லது 14ஆம் வாரமளவில் முடிந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான பிரீட்மன், கிங், எலியட் என்போர் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகிறது. வேலி சூழ்ந்த வெளியொன்றில் 14 வாரம்வரை மனிதரோடு பழகாது வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரை அணுகப் பெரிதும் அஞ்சின. எங்கள் குட்டியோ அப்பருவத்தின் பெரும்பகுதியை மதகின் கீழே கழித்தது. எனவே அதன் ஒதுக்கம் பிடிவாதமுமன்று, நன்றிகேடுமன்று. பருவம் கடந்ததனால் முயற்சி வீண் என்பதும் இதற்குப் பொருளன்று. பன்மடங்கு பொறுமை வேண்டும் என்பதே பொருள்.

ஆகவே வீட்டிலே சில ஒழுங்குகளைச் செய்தோம். வாங்கின் கீழே பழைய சேலையொன்றை விரித்து, அவ்விடம் அதற்கே உரியது என்று விட்டுவிட்டோம். அங்கிருந்து அதனை எவரும் இழுத்தெடுக்கலாகாது. அதன் கண்களை நேரே உற்றுநோக்குவதைத் தவிர்த்தோம். நாய்க்கு அது மிரட்டலாகத் தோன்றும். தலைக்கு மேலாகக் கை நீட்டாமல், தாடையின் கீழே கையைத் தாழ்த்திக் காட்டினோம். உறக்கம் வராதபோதும் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல் ஆகியவை “போதும்” என்று அது கூறும் மொழி என அறிந்துகொண்டோம். உண்டபின்னும் உறங்கியெழுந்தபின்னும் கிணற்றடிப் பக்கம் அழைத்துச் சென்றோம். வீட்டினுள்ளே அசுத்தம் செய்தபோது அதட்டாது துடைத்துவிட்டோம். எங்களது மரக்கறி உணவு வீடு. ஆயினும் குட்டிக்கு முட்டை அவிப்பதற்கென்று தனிச்சட்டி ஒன்று குசினிக்கு வெளியே இடம்பெற்றது.

இவ்வளவும் செய்த எங்களிடம் அது வரவில்லை. ஒன்றும் செய்யாத என் தாயாரிடமே முதலில் வந்தது. அவர் பின்னேரங்களில் விறாந்தையில் கதிரையைப் போட்டுப் பத்திரிகை படிப்பார். குட்டியை அவர் பார்ப்பதுமில்லை, அழைப்பதுமில்லை. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அது மெல்ல வெளியே வந்து, அவர் பாதத்தை முகர்ந்து நின்றது. மகள் மகிழ்ச்சி மிகுந்து அதனை அழைக்க எழுந்தாள். தாயார் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “கூப்பிடாதை பிள்ளை. தானாய் வரட்டும்” என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு அச்சொற்கள் புதியனவல்ல. பின்வாங்கில் ஒதுங்கியிருக்கும் மாணவனைப் பெயர்சொல்லி எழுப்பினால், அறிந்த விடையும் அவன் நாவில் எழாது. பக்கத்தில் நின்று வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தால், அவனே வாய்திறப்பான்.

தீபாவளி வந்தது. மனிதச் செவிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வெண்வரையே கேட்கும். நாய்க்கு 45,000 வரையும் கேட்கும். மெல்லொலியையும் அது தொலைவிலிருந்தே உணரும். அயலிலே வெடிகள் தொடங்கியதும் சின்னி வாங்கின் கீழே கிடந்து பதறியது. போர்க்காலம் தொட்டு என் தாயாருக்கும் அவ்வோசை ஆகாது. தீபாவளி இரவில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் இருப்பதே அவர் வழக்கம். அன்று அவர் உள்ளறைக்குச் செல்லவில்லை. முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது வாங்கின் அருகே நிலத்தில் அமர்ந்தார். ஒவ்வொரு வெடிக்கும் இருவரும் திடுக்குற்றனர். சிறிது நேரத்தில் குட்டி ஊர்ந்துவந்து அவர் மடியில் தலையை வைத்தது. “ஒண்டுமில்லை சின்னி, ஒண்டுமில்லை” என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். அஞ்சும் நாயைத் தேற்றினால் அதன் அச்சம் வளரும் என்று முன்னர்ச் சிலர் கூறுவர். விலங்கு நடத்தையை ஆராய்வோர் இன்று அதனை ஏற்பதில்லை.

இத்தகைய குட்டியை வளர்க்க விரும்பும் குடும்பத்தினர்க்குச் சில சொற்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும், குட்டிகளைக் கொல்லும் ஏனைய நோய்களுக்கான ஊசிகளையும் மிருகவைத்தியர் கூறும் காலத்தில் தவறாது போடுவியுங்கள். பெட்டையாயின் கருத்தடை செய்வியுங்கள். அடுத்த சாக்குக்கு இடமிராது. வெங்காயம் சேர்ந்த கறியை நாய்க்கு இடாதீர்கள். அது நாயின் செங்குழியங்களைச் சிதைக்கும், சமைத்தாலும் அத்தீமை நீங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை நாளில் பழகவேண்டும் என்று அதற்குத் தவணை குறிக்காதீர்கள்.

சின்னி இன்றும் காவல்நாய் ஆகவில்லை. தபாற்காரரைக் கண்டால் வாங்கின் கீழேதான் ஒளிகிறது. ஆயினும் பயன் என்னவென்று கேட்போர்க்கு ஒன்று கூறுவேன். எங்கள் வீட்டிலே கதவுகள் இப்போது ஓங்கி அறையப்படுவதில்லை. ஒருவரையொருவர் அதட்டி அழைப்பதுமில்லை. ஓர் எளிய உயிர் அஞ்சாதிருக்கவேண்டும் என்று நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அந்த அமைதி எங்கள் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.