உலோகக் குழலும் மூங்கிற் குழலும்

அமெரிக்க வித்வான் ஒருவர் நம் தேசத்து மெட்டைக் குழலில் வாசித்திருக்கிறார் என்றால் யாருக்குத்தான் பெருமை உண்டாகாது? நமக்கும் உண்டாயிற்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்பத்தூரில் நமது இல்லத்துக்குப் பழைய மாணாக்கர் ஒருவர் வந்தார். இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை, ஜாகை ஆவடியில். "இதைக் கேளுங்கள், ஸார்" என்று தமது கைப்பேசியில் ஒரு பழைய இசைத்தட்டின் ஒலிப்பதிவை வைத்தார். 1962-ல் அமெரிக்காவில் வெளியான அதன் பெயர் 'இம்ப்ரொவிசேஷன்ஸ்'. நம் பாஷையில் மனோதர்மம் எனலாம். ஸத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்துக்குத் தாம் அமைத்த மெட்டை ரவிசங்கர் ஸிதாரில் விரித்து வாசிக்க, கலிபோர்னியாவின் ஜாஸ் வித்வான் பட் ஷாங்க் உடன் குழல் வாசிக்கிறார்.

இனிமைக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்வரங்கள் முத்து முத்தாகத் தனித்து நிற்கின்றன. காரணம் உண்டு. ஜெர்மானியரான தியோபால்ட் போம் 1847-ல் அமைத்த மாதிரியை ஒட்டிய உலோகக் குழலில், துவாரங்களைச் சாவிகள் மூடித் திறக்கின்றன. ஸ்வரம் சுத்தமாகப் பேசும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்வது கடினம். நமது மூங்கிற் குழலிலோ துவாரங்களை விரல்களே நேராக மூடுகின்றன. விரலைச் சற்றே நகர்த்திப் பாதி திறந்தால் கமகம் பிறக்கும்.

"நம் குழலில் பெரிய வித்வான் யார், ஸார்?" என்றார் மாணாக்கர்.

திருவிடைமருதூரில் பிறந்து, குழலை வாய்ப்பாட்டைப் போலவே பேச வைத்து, 1986-ல் மறைந்த மாலி என்கிற டி. ஆர். மகாலிங்கத்தைச் சொன்னோம். ஷாங்க் பிறந்த அதே 1926-ல் பிறந்தவர். மாணாக்கர் அந்தப் பெயரையே கேட்டதில்லை!

குற்றம் அவருடையதா? ஐந்து வருஷம் நமது வகுப்பில் அமர்ந்திருந்தவர். தேசாபிமானத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் செய்த நாம், ஒரு நாளாவது மாலியின் குழலைக் காதில் விழச் செய்தோமா? அந்நியர் தொட்ட பிறகு பெருமை கொள்வது எளிது. ஷாங்க் நம் மெட்டை வாசித்தார். நாமோ நம் வீட்டுப் பொருளைத் தேடவே இல்லை.

வெட்கத்துடன் மாலியின் ஒலிப்பதிவு ஒன்றை வைத்தோம். ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். ஆவடி செல்லும் வண்டிகள் இரண்டு போயின, அவர் அசையவில்லை.