கட்டைவிரல் கணக்கு



போன மாதம் என் 7 வயதுப் பேரனுக்குச் சிதம்பரத்தில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. நலமாகக் கடலூர் வந்துவிட்டான். அறுவையைவிட மயக்க மருந்துக்குத்தான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். "பிள்ளை நல்லபடியா கண் முழிப்பானா?" என்று சம்பந்தியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருவர் இன்று மயக்கவியல் மருத்துவர். அவருக்குப் போன் போட்டேன். அவர் விளக்கியது உங்களுக்கும் உதவும்.

தூங்கவைக்கும் மருந்து வேறு, தசையைத் தளர்த்தும் மருந்து வேறு. எல்லா அறுவைக்கும் இரண்டாவது தேவைப்படாது. கொடுத்தால், மூச்சு இழுக்கும் தசைகளும் தளர்ந்துவிடும். அந்த நேரம் முழுக்கக் கருவிதான் மூச்சுக் கொடுக்கும். பிறகு தொண்டைக் குழாயை எப்போது எடுப்பது? கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரே எடை, ஒரே அளவு மருந்து என்றாலும் ஒரு குழந்தைக்குச் சீக்கிரம் விடும், இன்னொன்றுக்கு நேரமாகும். பச்சிளங்குழந்தைக்கு நரம்பும் தசையும் சேரும் இடமே முழுதாக முதிர்ந்திருக்காது.

வகுப்பில் படித்த கால்வானியின் தவளைக்கால் நினைவிருக்கிறதா? மின்சாரம் பட்டதும் துடித்ததே, அதே தத்துவம்தான். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து நரம்பின்மேல் இரண்டு ஒட்டுப்பட்டைகள். குழந்தை தூங்கியபின், அரை வினாடி இடைவெளியில் 4 சிறு மின்துடிப்புகள். கட்டைவிரல் 4 முறை அசைய வேண்டும். மருந்து மிச்சமிருந்தால் நான்காவது அசைவு முதலாவதைவிடச் சோர்ந்திருக்கும். 1970-இல் லிவர்பூலில் அலி, அட்டிங், கிரே என்ற மூவர் வகுத்த முறை இது. நான்காவதை முதலாவதால் வகுத்தால் 0.9 ஆவது வரவேண்டும்.

"கண்ணால் பார்த்தால் தெரியாதா?" என்றேன்.

"0.4-ஐத் தாண்டினாலே நாலும் ஒரே மாதிரி தெரியும் சார். கருவி வைத்து அளந்தால்தான் நிச்சயம்" என்றார்.

அந்த 0.4-க்கும் 0.9-க்கும் நடுவில்தான் ஆபத்து. குழந்தை கண் திறந்திருக்கும். ஆனால் தொண்டைத் தசைக்கு வலு போதாமல் மூச்சு அடைக்கலாம், புரையேறலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அறுவை என்றால் தயங்காதீர்கள். "தசை மருந்து கொடுப்பீர்களா? கொடுத்தால், விட்டதை அளந்து பார்ப்பீர்களா?" என்று மயக்க மருத்துவரிடம் பணிவாகக் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது முன்பு மயக்க மருந்தால் தொந்தரவு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சில கோளாறுகள் பரம்பரையாக வரும். அதற்கேற்ப மருந்தை மாற்றுவார்கள்.

மருத்துவம் படித்த என் மாணவர்கள் கூடுதலாகத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். நாலு குடும்பத்துக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்