கப்பிப்பால் சொதி

தேங்காய் எண்ணெய்ப் போத்தல்கள் சிலவற்றில் 'கொலஸ்ரரோல் அற்றது' என்று அச்சிட்டிருப்பார்கள். பொய்யன்று. கொலஸ்ரரோல் விலங்குணவுகளில்தான் உண்டு. ஆனால் அந்த எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. கெட்ட கொலஸ்ரரோலை, அதாவது எல்.டி.எல்.லை, ஈரல் இரத்தத்திலிருந்து அகற்றும் வேகத்தை அது குறைத்துவிடுகிறது. சொன்னது உண்மை, சொல்லாமல் விட்டதுதான் செய்தி. பத்திரிகைத் தொழிலில் எமக்குப் பழகிய வித்தை இது.

எனது எல்.டி.எல். 162 எனக் கண்ட வைத்தியர், மாத்திரைக்கு முன் மூன்று மாதம் உணவால் முயன்று பார்க்கச் சொன்னார். சொதியின்றி இடியப்பம் என் தொண்டையில் இறங்காது. ஆகவே முதற்பாலை நீக்கிக் கப்பிப்பாலில் சொதி வைத்தோம். பொரியலைக் குறைத்தோம். காலையில் ஓட்ஸ். அதிலுள்ள பீற்றா குளுக்கன் என்னும் நார்ப்பொருள் குடலில் பித்த அமிலத்தைப் பற்றி வெளியேற்றும். அதை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்துக் கொலஸ்ரரோலை எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும். ஓட்ஸின் சுவையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். மூன்று மாதத்தில் 134.

இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், தாமும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார். ஒருமுறை மாரடைப்பு வந்தவர். இரசாயனம் வேண்டாம், இயற்கை போதும் என்பது அவர் வாதம். முதல் ஸ்ரற்ரின் மருந்தே 1970களில் ஜப்பானியர் அகிரா என்டோ ஒரு பூஞ்சணத்திற் கண்டெடுத்த பொருள்தான் என்றேன். மாரடைப்புக் கண்டவருக்கு உணவு துணையேயன்றி மாற்றன்று, வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

பிறகு, அந்தச் சொதியை எப்படி வைப்பது என்று கேட்டார்.