மூன்று அணாக் கணக்கு

1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. நாடெங்குமிருந்து வந்து குவிந்த நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்க்கப் போனவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா. அதற்கு மேல் காலணாகூட எழுதக் கூடாது என்று கறாராக இருந்தார். அந்தச் சமயத்தில் காந்தி தம் குழுவினரோடு பாட்னா வந்தார். பாலுக்கும் பழத்துக்கும் மூன்று அணா எப்படிப் போதும்? உங்கள் செலவை நிதியில் எழுத மாட்டேன், வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று காந்தியின் செயலர் மகாதேவ தேசாயிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் குமரப்பா. காந்தி காரணம் கேட்டார், கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

எளிமை என்றதும் நமக்குக் கதர் வேட்டியும் கூரை வீடும்தான் நினைவுக்கு வருகின்றன. குமரப்பாவிடம் அது கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். இது யார் பணம், யாருக்காக வந்தது என்று ஒவ்வொரு செலவிலும் கேட்கிறவனுக்குத் தன் தேவை தானாகச் சுருங்கிவிடும்.

அவர் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. லண்டனில் கணக்கியல் படித்தவர். பம்பாயில் சொந்தத் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, வெள்ளையர் ஆட்சியின் வரவுசெலவைப் புரட்டி, இந்தியா ஏன் ஏழையானது என்று தேடினார். 1929இல் சபர்மதியில் காந்தியைப் பார்க்கப் போனபோதுகூட சூட்டும் பூட்ஸும்தான். பிறகு குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களின் நிலைமையை ஆராய்ந்தார். ஒரு குடியானவனின் ஆண்டு வருமானத்தை அருகிலிருந்து பார்த்த கணக்கரால் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப முடியவில்லை.

கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் இருந்தார். வீட்டில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படத்தை மாட்டி வைத்து, காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்று வருகிறவர்களிடம் சொல்வாராம். சிக்கனமாக இரு என்று அந்த ஏழையிடம் போய் அவர் உபதேசம் செய்ததில்லை. வயிறு காய்கிறவனுக்கு எளிமையைப் போதிப்பதைப் போன்ற அக்கிரமம் வேறில்லை. குறைத்துக்கொள்ள வேண்டியவன் இருக்கிறவன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வெள்ள நிவாரணத்துக்கு வசூல் செய்தோம். அலைந்த பையன்களுக்கு டீ, வடை வாங்கிய சீட்டையும் ஒருவர் செலவில் சேர்த்திருந்தார். கணக்குப் பார்த்த நான் அதைக் கேட்டேன். "இதையெல்லாமா அண்ணே பார்ப்பீங்க?" என்றார். வரவுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தெருமுனையில் பூக்கட்டும் அம்மா பெயருக்கு நேரே இருபது ரூபாய் இருந்தது. அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு டீக்கடைச் சீட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.