ரிப்போர்ட் வரட்டும், அக்கா

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டு. பாப்பாவும் படிக்கட்டும்.

“நோய் என்னவென்று தெரிந்துவிட்டது, மருந்தை ஆரம்பிக்காமல் இன்னும் என்ன டெஸ்ட்?” என்று கேட்டாய். நுரையீரல் புற்றுநோய், அதிலும் அடினோகார்சினோமா என்ற வகை என்பதுவரைதான் பயாப்சி சொல்லியிருக்கிறது. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதைக் கட்டியின் மரபணுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மாமா பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வகை வந்தால், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். காரப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பச் சொன்னது அந்தப் பரிசோதனைக்குத்தான்.

நம் தென்னேரி ஏரியின் மதகை நினைத்துக்கொள். பயிருக்கு வேண்டும்போது திறப்பார்கள், போதும் என்றால் அடைப்பார்கள். செல் வளர்வதற்கான உத்தரவும் அப்படித்தான் வந்து நிற்க வேண்டும். அந்த மரபணுவில் மாற்றம் வந்துவிட்டால் மதகு திறந்தபடியே சிக்கிக்கொள்கிறது, செல் ஓயாமல் பெருகுகிறது. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை அந்த மதகை அடைக்கிறது. ஆனால் கரை வேறொரு இடத்தில் உடைந்திருந்தால், மதகை அடைத்து என்ன பயன்?

நான் ஊகமாகச் சொல்லவில்லை. கிழக்காசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் இந்த மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டுப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மரபணு மாற்றம் இருந்தவர்களில் மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் 71 பேருக்குக் கட்டி சுருங்கியது, கீமோவில் 47 பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களில் மாத்திரையால் பலன் கண்டவர் நூற்றுக்கு ஒருவர்தான். அவர்களுக்குக் கீமோ 23 பேரிடம் வேலை செய்தது. ஒருவரைக் காப்பாற்றும் மாத்திரை, இன்னொருவருடைய பொன்னான மாதங்களை வீணாக்கிவிடுகிறது. ஆளைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது, அக்கா.

“ரிப்போர்ட் வருவதற்குள் இம்யூனோதெரபி ஊசி போட்டுவிடலாமே” என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். அவசரப்படாதே. அந்த ஊசியைப் போட்டபின் மாற்றம் இருப்பது தெரிந்து, ஒசிமெர்டினிப் என்ற மாத்திரைக்கு மாறியவர்களில் சிலருக்கு நுரையீரலில் கடுமையான அழற்சி வந்தது. எதை முதலில் கொடுக்கிறோம் என்பதும் பக்கவிளைவைத் தீர்மானிக்கிறது. மூச்சுத்திணறல் கூடினால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இல்லையென்றால் ஒன்றிரண்டு வாரம் பொறுப்பது நல்லது.

மாற்றம் இருப்பதாகவே வரட்டும். அப்போதும் டாக்டர் இரண்டு வழி சொல்லலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 350 பேரிடம் அந்த இரண்டையும் சோதித்தார்கள். ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் சுமார் 8 மாதம் அடங்கியிருந்தது, கூடவே கீமோவும் எடுத்தவர்களுக்கு 16 மாதம். ஆனால் கடுமையான பக்கவிளைவு நூற்றுக்கு 25 பேர் என்பதிலிருந்து 51 பேர் என்று ஏறியது. மாமாவின் உடம்பு எதைத் தாங்கும் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரை மட்டும் என்றாலும் முகத்திலும் மார்பிலும் பரு போலக் கிளம்பலாம், வயிற்றுப்போக்கு வரலாம். பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். இதுவரை சொன்னது கட்டியின் மரபணு. மாமா தன் அப்பா அம்மாவிடமிருந்து வாங்கிவந்த மரபணு வேறு. மருந்தை உடம்பு எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருந்தால் மாமாவுக்குக் கண் லேசாக மஞ்சளாகும் என்று நீ சொல்வாயே, அதை மறக்காமல் டாக்டரிடம் சொல். யூ.ஜி.டி.1ஏ1 என்ற மரபணு மந்தமாக இருப்பவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. அது கெடுதல் இல்லை. ஆனால் இரினோடெகான் என்ற கீமோ மருந்தை வெளியேற்றுவதும் அதே மரபணுவின் வேலைதான். அவர்களுக்கு அந்த மருந்து உடம்பில் தங்கி, வெள்ளை அணுக்கள் குறைந்துவிடலாம், வயிற்றுப்போக்கும் கடுமையாகலாம். 2005-லேயே அமெரிக்காவில் மருந்துக் குறிப்பில் இந்த எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டார்கள். மாமாவுக்கு இப்போது கொடுக்கப்போகும் மருந்து அது இல்லை. ஆனாலும் டாக்டரின் குறிப்பில் இருக்கட்டும்.

கட்டி எந்த மருந்துக்குப் பணியும் என்று சொல்லும் அளவுக்கு, எந்த மருந்து யாரைப் படுத்தும் என்று மரபணுவால் இன்னும் சொல்ல முடியவில்லை. நம் மக்களின் மரபணுவைத் தனியாகப் பார்த்தால்தான் அது கைகூடும். புதுச்சேரி ஜிப்மரில் டாக்டர் ஆதித்தன் குழுவினர் தமிழர்களின் உடம்பு மருந்துகளைக் கையாளும் விதத்தைப் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். அந்த வேலை புற்றுநோய் வார்டு வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை.

பாப்பாவின் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுவிட்டதாகச் சொன்னாய். வேண்டாம் அக்கா. மாமாவின் கட்டியில் இருக்கக்கூடிய மாற்றம் அந்த நுரையீரல் செல்லில் வாழ்நாளில் உண்டானது. மிக மிக அரிதான சில குடும்பங்களைத் தவிர அது பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஊரில் யாராவது “குடும்பத்து நோய்” என்று பேசினால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

இனி நீ செய்ய வேண்டியது: பயாப்சி எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதை ‘பிளாக்’ என்பார்கள். அந்தப் பிளாக்கின் எண்ணை வாங்கி எனக்கு அனுப்பு. ஈ.ஜி.எஃப்.ஆரோடு ஏ.எல்.கே. என்ற மரபணுவையும் பார்க்கிறார்களா என்று கேள், அதற்கும் தனி மாத்திரைகள் இருக்கின்றன. சதை போதாது என்றால் ரத்தத்திலும் பார்க்க முடியுமா என்று கேள். காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. எந்தச் செலவு அதில் அடங்கும் என்று அங்கேயே விசாரி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரிப்போர்ட் வரும் அன்று நான் காரப்பேட்டைக்கு வந்துவிடுகிறேன். டாக்டரிடம் மூன்று பேரும் சேர்ந்தே பேசுவோம். அதுவரை மாமா நேரத்துக்குச் சாப்பிடட்டும். நீயும் சாப்பிடு.

அன்புடன்,
உன் தம்பி