விளிம்பு உதட்டுக்கு, கிண்ணம் கருவிக்கு

ஆவணக்காப்பகத்தில் நில அளவைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டிய ஆய்வு மாணவன், மூன்று வாரமாகப் பித்தளைத் துண்டுகளை உதட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுவது எளிது.

கொல்கத்தாவில் நான் டெனர் டிராம்போன் வாசிக்கும் சிறிய இசைக்குழு, ஒரு சேர்ந்திசைக் குழுவுடன் இணைந்து மோட்சார்ட்டின் ரெக்வியத்தை நிகழ்த்தவிருக்கிறது. அதில் ஆல்ட்டோ டிராம்போன் பகுதி என் பங்குக்கு வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியக்காரர் ஒருவர் தம் கருவியை இரவல் தந்தார். மவுத்பீஸ் மட்டும் தரவில்லை. அது அவரவர் உதட்டுக்கு உரியது, தம்முடையது எனக்கு உதவாது என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. மறுபாதியைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மூன்று வாரமும் ஆயிற்று.

இந்தக் கருவியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். டெனர் டிராம்போனின் ஆதார சுருதியைச் சட்ஜமாகக் கொண்டால், ஆல்ட்டோவின் ஆதாரம் சுத்த மத்திமம், அதாவது ஈ-ஃபிளாட். டெனரின் குழல் ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளம், ஆல்ட்டோவினுடையது ஏறத்தாழ 2 மீட்டர். ரெக்வியத்தில் ஆல்ட்டோ, டெனர், பாஸ் ஆகிய மூன்று டிராம்போன்களும் பெரும்பாலும் பாடகர்களின் அதே மூன்று குரல்களை நிழல்போலத் தொடர்ந்து செல்கின்றன. வியன்னாவின் தேவாலய இசையில் அது நெடுநாள் வழக்கம். எல்லோரும் அறிந்த அந்தத் தனி வாசிப்பு, 'தூபா மீரும்' பகுதியின் தொடக்கத்தில் வருவது, டெனருக்குரியது. ஆல்ட்டோ வாசிப்பவன் அப்போது மடியில் கருவியை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். அவன் வேலை வேறு: பாடும் பெண்களின் குரலுக்குக் கீழே, அவர்களுக்கே தெரியாத அளவில், ஒரு தாங்குதலாக இருப்பது. எங்கள் குழுவில் ஆல்ட்டோ பாடுபவர்கள் ஆறே பேர். ஒரு டிராம்போன் நினைத்தால் அறுவரையும் ஒரே மூச்சில் மூழ்கடித்துவிடும். மவுத்பீஸ் தேர்வில் பணயமாக இருந்தது அதுதான்.

நாகஸ்வரத்தில் அதிர்வது சீவாளி. டிராம்போனில் சீவாளி என்று ஒன்றில்லை, உதடே அதிர்கிறது. அந்த உதடு அமரும் இடம் மவுத்பீஸின் விளிம்பு. விளிம்புக்குள் கிண்ணம், கிண்ணத்தின் அடியில் தொண்டை, அதைத் தொடர்ந்து விரியும் பின்துளை, வெளியே கருவிக்குள் செருகப்படும் தண்டு. பேசுகிறவர்கள் பெரும்பாலும் விளிம்பைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தண்டு. டெனர் மவுத்பீஸ்களில் சிறு தண்டு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர், பெருந்தண்டு ஏறத்தாழ 12.7. இக்கால ஆல்ட்டோக்களில் மிகப் பெரும்பாலானவை சிறு தண்டையே ஏற்கும். பெருந்தண்டு உள்ளே போகாது. மெலிந்த தண்டோ மிக ஆழமாக இறங்கும் அல்லது ஆடும். ஆடினால் காற்று கசியும், சுருதி நிற்காது. காகிதம் சுற்றிச் செருகுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கடைசல் பட்டறையில் கொடுத்து ஒரு பித்தளை உறை போட்டுக்கொள்வது அதைவிட மேல்.

அடுத்து எண்கள். என் ஆய்வில் நான் நாள்தோறும் படும் தொல்லை இங்கும் காத்திருந்தது. பழைய வங்காளப் பதிவேடுகளில் பிகா என்ற ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு பரப்பைக் குறிக்கும். அளவுகோல் எது என்று தெரியாமல் எண்ணை மட்டும் படிப்பவர் ஏமாந்துபோவார். மவுத்பீஸும் அப்படியே. பாக் நிறுவனத்தின் எண் கூடக்கூட விட்டம் குறையும். ஷில்கே நிறுவனத்தின் எண் கூடக்கூட விட்டமும் கூடும். பாக் வரிசையில் 6½ஏஎல் உள்விட்டம் சுமார் 25.4 மில்லிமீட்டர், 7சி சுமார் 24.9, 12சி சுமார் 24.5. முதலாவதற்கும் கடைசிக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நில அளவையில் யாரும் கண்டுகொள்ளாத பிழை அது. உதடோ அதை முதல் மூச்சிலேயே கண்டுகொள்கிறது.

வாசிப்பவர்களிடையே இதில் இரு கட்சிகள் உண்டு. சிறிய கருவிக்குச் சிறிய மவுத்பீஸ் என்பது ஒன்று. டெனரில் எந்த விளிம்புக்கு உதடு பழகியதோ அதை ஆல்ட்டோவிலும் மாற்றாதே என்பது மற்றொன்று. முதல் கட்சியின் வாதத்துக்குள் ஓர் ஆசை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: சிறிய மவுத்பீஸ் மேல்சுரங்களை எளிதாகத் தந்துவிடும் என்ற ஆசை. ஆல்ட்டோ தருவது வேறொரு வசதி. மேல் ஈ-ஃபிளாட் ஆல்ட்டோவில் எட்டாவது மேற்சுரம், டெனரில் பன்னிரண்டாவது. டெனரில் அந்த உயரத்தில் மேற்சுரங்கள் நெருக்கியடித்து நிற்கும். தவறிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைவது சுலபம். ஆல்ட்டோவில் வீடுகளுக்கிடையே இடைவெளி உண்டு. ஆனால் அந்தச் சுரத்துக்குத் தேவையான அதிர்வெண்ணில் அதிர வேண்டியது இரண்டிலும் அதே உதடுதான். டெனரில் அந்தச் சுரம் கைவராதவருக்கு எந்த மவுத்பீஸும் அதைக் கொண்டுவந்து தராது.

அப்படியானால் டெனருடையதையே செருகிவிடலாமே? இங்கேதான் இரவல் தந்தவர் சொல்லாத மறுபாதி வருகிறது. மவுத்பீஸின் விளிம்பை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். 'பொப்' என்று ஓர் ஒலி எழும். அதற்கென்று ஒரு சுருதி உண்டு. கிண்ணம் பெரிதானால் அது தாழும். இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் 1976இல் வெளிவந்த தம் இசை ஒலியியல் நூலில் இதை விளக்கியிருக்கிறார். தாழ்ந்த சுரங்களில் மவுத்பீஸ் தன் கொள்ளளவுக்கு ஈடான குழல்போல நடந்துகொள்கிறது. சுரம் உயர உயர, அந்தக் கற்பனைக் குழல் நீள்கிறது. 2.7 மீட்டர் குழலில் சிறு பங்காக இருக்கும் இந்த நீட்சி, 2 மீட்டர் குழலில் பெரும் பங்காகிவிடும். ஆகவே ஆழமான கிண்ணத்தை ஆல்ட்டோவில் வைத்தால் மேல்சுரங்கள் தொய்ந்து தாழும், கீழ்ச்சுரங்கள் தாழாது. சறுக்குக் குழலை உள்ளிழுத்துச் சரிசெய்யலாம் என்பீர்கள். ஏற்கெனவே முழுதும் உள்ளே இருக்கும் முதல் நிலையில் எங்கே இழுப்பது?

என் டெனரில் நான் வாசிப்பது 6½ஏஎல். ஆல்ட்டோவில் அது நடுச்சுரங்களில் அழகாகவே ஒலித்தது. மேலே போகப்போகப் போர்வை போர்த்தியதுபோல் மங்கிச் சுருதியிலும் சரிந்தது. நண்பரொருவரின் 12சி முதல் பத்து நிமிடம் மயக்கியது. பிறகு உதடு நெரிபட்டது. ஒலியில் ஊசிமுனை போன்ற ஒரு கூர்மையும் இருந்தது.

இதற்கிடையே மகாத்மா காந்தி சாலைக்கும் போய் வந்தேன். கல்யாண ஊர்வல பேண்டு கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மீரட்டின் ஜலி கோட்டிப் பக்கம் செய்யப்படும் பித்தளை வாத்தியங்கள் அங்கும் தொங்குகின்றன. தகர டப்பா ஒன்றில் குவிந்திருந்த மவுத்பீஸ்களில் பலவற்றுக்கு எண்ணே இல்லை. முதிய பேண்டு மாஸ்டர் ஒருவர் கட்டைவிரலை உள்ளே விட்டுத் திருப்பி, விளிம்பை நகத்தால் தடவி, இது இன்னாருக்கு ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆல்ட்டோ டிராம்போனை அவர் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று சொன்னார்: கடையில் ஊதிப் பார்த்து வாங்காதீர்கள் பாபு, ஊர்வலம் முடிந்தபின் ஊதிப் பாருங்கள், களைத்த உதடு பொய் சொல்லாது. நான் படித்த கட்டுரைகளில் இவ்வளவு பயனுள்ள சோதனை முறை ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பயிற்சியின் தொடக்கத்தில் எதையும் ஒப்பிடுவதில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்தே ஒப்பிடுகிறேன்.

மூன்றாவதாகக் கிடைத்தது 7சி. விளிம்பு என் டெனருடையதற்கு அருகில், கிண்ணம் அதைவிட ஆழம் குறைவு. வெள்ளிப்பூச்சு தேயாதது, தேய்ந்து பித்தளை தெரிந்தால் சிலருக்கு உதடு தடிக்கும். இறுதிச் சோதனைக்கு ஆல்ட்டோ பாடும் தோழி ஒருவரைப் பக்கத்தில் அமரச் சொன்னேன். எது எது என்று சொல்லாமல் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, 'கீரியே' பகுதியின் வேகமான ஓட்டத்தை அவருடன் சேர்ந்து மெதுவான ஒலியில் வாசித்தேன். தம் குரல் தமக்கே கேட்காமல் போகும் இடத்தில் கை தூக்குவது அவர் வேலை. 12சிக்கு நான்கு முறை தூக்கினார். 6½ஏஎல்லுக்குக் கை எழவில்லை. ஆனால் சுருதிக்காக யாரைப் பின்பற்றுவது என்று தெரியவில்லை என்றார். 7சிக்கு ஒரே முறை, அதுவும் நான் மூச்சு வாங்கிய பின் எழுந்த முதல் சுரத்தில். அது மவுத்பீஸின் கணக்கில் சேராது; நாக்கின் கணக்கு.

ஷூமானின் மூன்றாவது சிம்பொனியாக இருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கக்கூடும். அங்கே டிராம்போன்கள் முதல் மூன்று பகுதிகளும் வாளாவிருந்து, நான்காவதில் ஆறிப்போன உதட்டோடு எழுந்து ஆல்ட்டோவின் மேல் ஈ-ஃபிளாட்டை அடைய வேண்டும். பக்கத்தில் பாடுபவர் எவரும் இல்லை. அங்கே சற்றுச் சிறியதை விரும்புகிறவரை நான் குறை சொல்லமாட்டேன்.

12சியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். 'கீரியே' ஓட்டத்தில் மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தோழியும் நானும் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறோம். அவருடைய இடமும் என்னுடைய இடமும் இரண்டு இடங்களில் இன்னும் ஒத்துவரவில்லை.