350 வெள்ளி செட்டும் அண்ணனோட கோபமும்

வழக்கமா இங்க அன்னதானக் கணக்கும் கூட்டுப்பணி நேரமும்தான் போடுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற கதை. நம்ம சமையல்கட்டு ஆட்கள் நாலு பேர் கோல்ப் பழகுறோம்னு சிலருக்குத் தெரியும், பலர் சிரிச்சும் இருக்கீங்க. சிரிங்க, பரவாயில்ல. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வச்ச அண்ணனை டாக்டர் நடக்கச் சொன்னார். சும்மா நடன்னா அவர் நடக்க மாட்டார். பந்தைத் தேடிக்கிட்டு நடன்னா நடக்கிறார். அப்படித்தான் ஆரம்பிச்சது.

அண்ணனோட செட் ஜப்பான் பழைய சாமான் கடையில 350 வெள்ளிக்கு வாங்கினது, பையோட சேர்த்து. ஆட்டத்துல ஒருத்தர் 14 மட்டை வரைக்கும் வச்சுக்கலாம். அண்ணன்கிட்ட 9 தான்: டிரைவர் ஒண்ணு, 5-லிருந்து 9 வரைக்கும் அயன், ரெண்டு வெட்ஜ், ஒரு பட்டர். பழகுறவனுக்கு அதுவே அதிகம்.

போன வருசம் அவர் கம்பெனி கோல்ப் நாள்ல, வெளியில இருந்து வந்த ஒரு பெரிய மனுசன் அந்தப் பையைப் பார்த்து, மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தியான்னு கேட்டிருக்கார். எல்லாரும் சிரிச்சாங்களாம். அண்ணனும் சிரிச்சாராம். மறுவாரம் வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னார்: "புது செட் வாங்கப் போறேன்டா. 4,200 வெள்ளி. ஈபிஎஃப் ஃபிலெக்சிபல்ல இருந்து எடுக்கிறேன்."

2024 மே மாசம் அந்த மூணாவது கணக்கு வந்ததுல இருந்து, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், 50 வெள்ளியில இருந்து. சுலபமா எடுக்க முடியுது, அதுதான் சிக்கலே. அண்ணனுக்கு 53 வயசு. சின்னவன் இன்னும் டிப்ளோமா படிக்கிறான்.

நாங்க ஃபேக்டரி ஆட்கள். லைன்ல ரிஜெக்ட் வந்தா உடனே புது மெஷின் கேக்க மாட்டோம். மெஷினா, ஆளா, செட்டிங்கான்னு ஒவ்வொண்ணா பார்ப்போம். அதையே இங்கயும் செஞ்சோம். வெள்ளைப்பலகையில எழுதுற மார்க்கர் இருக்குல்ல, அதால பந்துல ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மட்டையைப் பார்க்கிற மாதிரி வச்சு அடிச்சா, பட்ட இடத்துல மை ஒட்டிக்கும். (விபூதி தடவிப் பார்க்கலாமான்னு ஒரு தம்பி கேட்டான். வாங்கிக் கட்டிக்கிட்டான்.) அண்ணன் 7-ஆம் நம்பர் அயனால 30 பந்து அடிச்சார். நடுவுல பட்டது 11. குதிகால் பக்கம் 12, நுனியில 5. மீதி ரெண்டும் பந்தோட தலையைத் தடவிட்டுப் போச்சு. பட்ட இடம் இப்படிச் சிதறிக் கிடந்தா அது மட்டையோட குத்தம்னு சொல்ல முடியாது. ஆள் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி சுத்துறார்.

ஆனா மட்டையிலயும் குத்தம் இருந்துச்சு. ரப்பர் பிடி எல்லாம் காஞ்சு கண்ணாடி மாதிரி வழுக்குச்சு. வழுக்கினா கை இறுக்கும், கை இறுகினா தோள் இறுகும், சுத்து பாதியில நிக்கும். அப்புறம் டிரைவர். அது 9.5 டிகிரி, தண்டும் விறைப்பு. வேகமா சுத்துற இளவட்டத்துக்குச் செஞ்சது. கோணம் குறைஞ்ச மட்டையில முகம் கொஞ்சம் திறந்திருந்தாலே பந்து வலப்பக்கம் பறந்துடும். அண்ணன் பந்து எத்தனை காட்டுக்குள்ள போச்சுன்னு கணக்கே இல்ல.

கடைக்கும் கூடவே போனோம். புது 7-ஆம் நம்பர் கொடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல 132 மீட்டர். அவரோட பழையது 118. அண்ணன் முகம் மலர்ந்துடுச்சு. நாங்க கடைக்காரர்கிட்ட கோணத்தை அளக்கச் சொன்னோம். புதுசு 28 டிகிரி, பழையது 35. அதாவது புதுசுல 7-னு எழுதியிருக்கிறது, பழைய செட்டோட 5-ஆம் நம்பருக்குக் கிட்ட. தூரத்துல பாதி அந்த நம்பர்ல ஒளிஞ்சிருக்கு. நியாயமா சொல்லணும்னா, புதுசுல எடையை அடியில வச்சிருக்காங்க, பந்து சுலபமா மேல எழும்பும், தப்பா பட்டாலும் அவ்வளவா கோணாது. அதை மறைக்கக் கூடாது. ஆனா 4,200 வெள்ளிக்கு இப்பவே அவசரமா?

கார்ல வரும்போது இதையெல்லாம் விளக்கமா சொன்னோம். ரிப்போர்ட் மாதிரி. அண்ணன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எங்கப்பா தோட்டத்துல துரைக்குப் பை தூக்கினாரு. பன்னெண்டு வருசம். ஒரு பந்தைக்கூட அடிச்சதில்ல. துரை பட் பண்ணும்போது கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு, நிழல் குழி மேல விழுந்துடக் கூடாதுன்னு தள்ளி நிப்பாரு. அவர் மகன் புது செட் வச்சா உங்களுக்கு ஏண்டா வலிக்குது?"

எங்களால ஒண்ணும் பேச முடியல. நாங்களும் தோட்டத்துப் பிள்ளைங்கதான். எங்க அப்பாமாரும் துரைமாருக்குக் குனிஞ்சவங்கதான். 30 பந்தை எண்ணத் தெரிஞ்ச எங்களுக்கு இதை எண்ணத் தெரியல. ரெண்டு வாரம் அண்ணன் சமையல்கட்டுப் பக்கமே வரல. சாம்பார்ல உப்பு தப்பிப் போச்சுன்னு நீங்க எல்லாரும் சொன்னது அப்பதான்.

மூணாவது வாரம் அவரே வந்தார். கையில பை. "பிடியை மாத்துங்கடா" அப்படின்னார். வேற ஒரு வார்த்தையும் இல்ல.

எங்க வீட்டுப் போர்ட்டிக்கோவுல உக்காந்து எட்டுப் பிடி மாத்தினோம். ஒண்ணு 25 வெள்ளி, 200 ஆச்சு. பழசைக் கீறி எடுத்து, டபுள் டேப் சுத்தி, தின்னர் ஊத்தி, டேப் ஈரமா இருக்கும்போதே ஒரே தள்ளு. பாதியில நின்னா அவ்வளவுதான், மறுபடி கீறணும். முதல் ரெண்டும் கோணலாப் போச்சு. (தின்னர் ஃபேக்டரியில இருந்து எடுத்ததில்ல, காசு கொடுத்து வாங்கினது. எங்க மேனேஜர் இதைப் படிக்கிறார்னு தெரியும்.) டிரைவருக்குப் பதிலா 12 டிகிரி, சாதாரணத் தண்டு, பழசு, 180 வெள்ளி. அப்புறம் பயிற்சி, அஞ்சு வகுப்பு, 400 வெள்ளி. சொல்லிக் கொடுக்கிறவரும் ஒரு காலத்துல கேடியா இருந்தவர். அவர் முதல் நாளே அண்ணனோட கால் நிக்கிற இடத்தை மாத்தினார். பந்துக்கு ரொம்பக் கிட்ட நின்னிருக்கார், அந்த 12 குதிகால் அடி அங்க இருந்துதான் வந்திருக்கு. அதை நாங்க கண்டுபிடிக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி மார்க்கர் போட்டோம். 30-ல 19 நடுவுல.

புதுசா அண்ணன் ஒண்ணே ஒண்ணு வாங்கினார், எங்களைக் கேக்காம. பட்டர். 290 வெள்ளி. பழைய பட்டர்ல ஒரு குறையும் இல்ல. பழகுறவன் அடிக்கிற அடியில சுமாரா மூணுல ஒண்ணு பட்டர்லதான் போகும், அந்தக் கணக்குப்படி பார்த்தா தப்பில்லாத செலவுன்னு சொல்லலாம்தான். நாங்க அந்தக் கணக்கைச் சொல்லல. குழியில பந்து விழுந்ததும் அண்ணன் அந்தக் கொடியைத் தானே எடுத்து வைக்கிறார், வேற யாரையும் தொட விடறதில்ல.

பழைய பிடி எட்டும் டிரைவர் ஒண்ணும் சும்மா கிடக்கு. பழக நினைக்கிற யாராவது இருந்தா டிரைவரை எடுத்துக்கலாம், இளவட்டமா இருந்தா நல்லது. ஞாயிறு கூட்டுப்பணி காலை 7 மணிக்கு. வெங்காயம் உரிக்க ஆள் குறைவு. அண்ணன் வர்றார்.